வக்காலத்தில் ஒரு கையெழுத்து!

ட்ரிங்... ட்ரிங்...

ஹைகோர்ட் சேம்பரில் போன் அலறியது.

நீதிபதி உடனே எடுக்கவில்லை. என்ன செய்தி என்பது நேற்று சாயங்காலமே அவருக்குத் தெரியும்!

நாலாவது மணியில் எடுத்தார்.

"ஐயா... உங்க பழைய குமாஸ்தா போய்ட்டாருங்க! மாடிப்படியில உருண்டு..." டவாலியின் குரல் உடைந்தது.

"அடப்பாவமே!" என்றார். மேடையில் அழுது ஓட்டு வாங்கிய குரல். இப்போதும் கைகொடுத்தது.

"இன்ஸ்பெக்டரம்மா வந்திருக்காங்க ஐயா."

"உள்ள அனுப்பு."

வக்கீல் கோட்டு, கட்சிச் சட்டை, ஜட்ஜ் அங்கி... மனிதர் உடுப்பை மாற்றி மாற்றி மேலே ஏறினார். மூன்றுக்கும் பட்டன் தைத்தவர் அந்தக் குமாஸ்தாதான். ஆனால், ஏறினவன் எவன் ஏணியைத் திரும்பிப் பார்த்தான்?

திங்கட்கிழமை பெரிய வழக்கு. பாலம் இடிந்து பதினோரு பேர் செத்த வழக்கில் கட்சித் தலைவரின் அப்பீல். தலைவரை விடுதலை செய்ய வேண்டும். இந்த நாற்காலிக்கு அதுதான் விலை!

ஒரே சிக்கல்... அதே வழக்கின் முதல் ஜாமீன் மனுவில், தலைவருக்காக வக்காலத்து போட்ட வக்கீல் இவரே! தலைவர் இரண்டு அர்த்தத்திலும் இவருடைய கட்சிக்காரர். விஷயம் வெளியே வந்தால் வழக்கை இவர் தொடவே முடியாது.

கோர்ட்டில் இருந்த வக்காலத்து தீ விபத்தில் சாம்பல். மிச்சம், குமாஸ்தா வீட்டில் அதன் நகலோடு இருந்த ஒரே ஒரு கேஸ் கட்டு.

நேற்று அதைக் கேட்கத்தான் போனார்.

"உங்க காகிதம், எடுத்துக்குங்க வக்கீலய்யா. ஆனா இந்தக் கேஸ்ல நீங்க உக்காராதீங்க. பதினோரு உசுரு! யாராச்சும் கேட்டா நான் உண்மையைத்தான் சொல்லுவேன்."

ஜட்ஜ் ஆகி நாலு வருஷம். இன்னமும் வக்கீலய்யா!

"இதுல ஒரு கையெழுத்து..." என்று கிழவர் நோட்டை நீட்டினார். பெற்ற அப்பனே கேட்டாலும் கையெழுத்தில்லாமல் கட்டைத் தர மாட்டார்.

போட்டார். வாங்கினார். வழியனுப்பப் படிவரை வந்தவரை... ஒரே தள்ளு!

பிறகு நோட்டில் அந்தத் தாளைக் கிழித்தார். கட்டோடு சேர்த்து எரித்தார்.

இப்போது இன்ஸ்பெக்டர் எதிரே உட்கார்ந்தாள். மேஜைமேல் அதே நோட்டு!

"வயசானவரு... தவறி விழுந்துட்டாரு. இதுல விசாரிக்க என்னம்மா இருக்கு?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன் சார். ஆனா ஒரு கட்டு காணோம்னு அவரு சம்சாரம் சொல்றாங்க."

"எலி தின்னிருக்கும்."

"எலி கையெழுத்து போடுமா சார்?"

நீதிபதி சிரித்தார். "அந்தப் பக்கம்தான் கிழிஞ்சிருக்கே!"



"நோட்டை உங்க முன்னால நான் இன்னும் திறக்கவே இல்லையே சார்!"



அவள் நிதானமாகத் திறந்தாள். கிழிந்த தாளுக்கு அடியில் ஒரு கார்பன். அதற்கும் அடியில்... கட்டு நம்பர், நேற்றைய தேதி, நீல நிறத்தில் அவருடைய கையெழுத்து!

"கார்பன் வைக்காம அவர் எதையும் எழுதினதில்லையாம். கூட இருந்தும் நீங்க கவனிக்கல போல."

"போலி! என் கையெழுத்தை எவன் வேணா போடலாம்!"

"போட்டாரே சார்! நீங்க மைக்கைப் பிடிச்சு ஊர் ஊராச் சுத்தின காலத்துல, உங்க பேர்ல அத்தனை பேப்பர்லயும் கையெழுத்து போட்டது குமாஸ்தாதான். அந்த வக்காலத்துலயும் அவர்தான். அந்தம்மா சொல்லி அழறாங்க. அது உங்க கையெழுத்தே இல்லைன்னு நீங்க கையை விரிச்சிருந்தா, யாரும் நிரூபிச்சிருக்க முடியாது!"

நீதிபதி நோட்டை நோக்கிக் கையை நீட்டினார். அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க எடுத்துட்டுப் போனதுதான் போலி. இந்த நோட்டுல இருக்கறது அசல். உங்க தீர்ப்புல இருக்கற கையெழுத்தோட ஒத்துப் பார்த்தாச்சு. தலைமை நீதிபதிகிட்டயும் சொல்லியாச்சு."

'வக்கீலய்யா...' என்று யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. நெஞ்சு முதல்முறையாக நிஜமாகவே வலித்தது. என்ன பிரயோசனம்?

அவள் கைது மெமோவை நகர்த்தினாள்.

"கையெழுத்து போடுங்க சார்."

அவர் பேனாவை எடுத்தார்.

"இனிமே எல்லாத்தையும் நீங்களேதான் போட்டாகணும். உங்களுக்காகப் போடறவரைத்தான் மாடியில இருந்து தள்ளிட்டீங்களே!"