எதிர்ச் சுற்று

பூங்கா வளைவில் வேகமாகத் திரும்பியவள் அவன் மேல் மோதியே விட்டாள்.

"பார்த்து வரக் கூடாதா?"

"எல்லாரும் இடமிருந்து வலமா நடக்குறாங்க. நீங்க மட்டும் எதிர்ச் சுற்று. யாருங்க பார்த்து வரணும்?"

பதிலடிக்கு வாயெடுத்தவளின் பார்வை அவன் முழங்கையில் நின்றது... உள்மடிப்பில் பஞ்சு, அதன் மேல் பட்டை. அவனும் அவள் கையைப் பார்த்தான். அங்கேயும் அதே பஞ்சு.

எதிரே ரத்தப் பரிசோதனைக் கூடம். வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் கொடுத்து, சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும். அந்த இடைவெளியில் ஓட்டமும் நடையுமாகச் சுற்றினால் சர்க்கரை இறங்கும். டாக்டரின் திட்டிலிருந்து தப்பலாம். இந்தத் தந்திரம் தன் மூளைக்கு மட்டும்தான் எட்டியது என்று நினைத்திருந்தாள்.

"காப்பியடிக்கிறீங்க," என்றான்.

"நீங்க மட்டும்?"

"நான் பஸ் டிரைவர். நாள் பூரா உட்கார்ந்துக்கிட்டே ஊரைச் சுத்துறேன். இன்னைக்காவது காலால சுத்தலாம்னு..."

சிரிப்பை உதட்டுக்குள் ஒளித்தாள். மழை பிடித்துக்கொண்டது. கூடத்தின் வாசல் கூரைக்கடியில் ஒதுங்கியும், இருவரும் நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதித்தார்கள். அவன் இமையில் ஒரு துளி... விழலாமா வேண்டாமா என்று நின்றது. அது விழும் வரை பார்த்துக்கொண்டிருந்ததை அவள் பிறகுதான் உணர்ந்தாள்.

ரத்தம் எடுக்கும் அக்கா ஜன்னலில் தலை நீட்டினாள். "டெஸ்ட் அன்னைக்கு நடக்கிற நடையை தினம் நடந்தா எங்களை ஏமாத்தவே வேண்டாமே? அடுத்த தடவை மூணு மாசச் சராசரி எடுக்கணும்னு டாக்டர் எழுதியிருக்கார். அதுகிட்ட இந்தப் பாச்சா பலிக்காது."

உள்ளே போவதற்குள் அவனுக்கு அவளுடைய கேக் கடை தெரிந்துவிட்டது. ஒன்று மட்டும் தெரியாது. அவளுக்குச் சர்க்கரை இருப்பது வீட்டில் அண்ணிக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். முப்பத்தெட்டு வயதில் வருகிற வரனையும் வியாதி சொல்லி விரட்டாதே, தாலி ஏறும்வரை வாயைத் திறக்காதே என்பது அண்ணியின் உத்தரவு.

அடுத்த வாரமே கடைக்கு வந்தான். கேக் வாங்கும் சாக்கில் பெண்ணைப் பார்க்க, பேச்சிலிருந்த மாப்பிள்ளையின் அத்தையை அண்ணி அழைத்து வந்திருந்த நேரம். பழக்கதோஷத்தில் அவள் விரல் நுனி க்ரீமை நாக்கில் வைத்தாள்.

"சுகரை வச்சுக்கிட்டு இப்படி ருசி பார்த்தா, அந்த அக்கா சும்மா விடுவாங்களா?" கேலியாகத்தான் கேட்டான்.

அத்தையின் கையிலிருந்த கேக் பெட்டி மேசைக்கே திரும்பியது. பேசிவிட்டுச் சொல்லியனுப்புகிறோம் என்று போனவர்களிடமிருந்து சொல் வரவேயில்லை.

"இனிமே இந்தக் கடைப் படி ஏறாதீங்க," என்றாள். அவன் மழையில் தலைகுனிந்து போனான்.

அன்று மாலை கோபம்தான் அவளைப் பூங்காவுக்கு இழுத்துப் போனது. அவனைத் திட்டிக்கொண்டே சுற்றினாள். மறுநாளும். சில நாளில் கோபம் நின்றுபோனது, கால்கள் நிற்கவில்லை. தட்டில் பாதி காய் ஏறியது, சோறு ஒதுங்கி உட்கார்ந்தது. ருசி பார்க்கும் வேலை அண்ணி தலையில் விழுந்தது. பாவம், அண்ணி ஒரு சுற்றுப் பெருத்தாள்.

க்ரீம் கரண்டியோடு ஒருநாள் அண்ணியே சொன்னாள். "அந்த டிரைவர் வாயால ஒரு நல்லதும் நடந்திருக்குடி. யாராவது வீட்டுக்கு வந்தா மாத்திரையை ஒளிப்பே. இப்ப ஒளிக்கிறதில்ல."

உண்மைதான்... வரன் போனபோது வலித்திருக்க வேண்டுமே? சுமை இறங்கிய மாதிரியல்லவா இருந்தது?

மூன்று மாதம் கழித்து, அதே கூடம். பூங்கா பெஞ்சில் அவன்... இளைத்திருந்தான். சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"நடக்கலையா?" என்றாள்.

"இந்தத் தடவை உள்ளது உள்ளபடி வரட்டும். டிப்போவுக்கு தினம் நடந்துதான் போறேன். உங்க பூங்கா பக்கம் வரத்தான் இத்தனை நாளா தைரியம் இல்ல."

ரிப்போர்ட் வந்ததும் அவளே முதலில், பக்கத்திலிருந்தவர்கள் காதில் விழும்படியே சொன்னாள். "சுகர்னு தெரிஞ்சப்ப மூணு மாசச் சராசரி பத்துல இருந்துச்சு. ஏழே கால் ஆகியிருக்கு. இன்னும் இறங்கணும்."

"எனக்கு ஏழரை. என் நேரத்துக்கு ஏத்த நம்பர்."

சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு உங்களைக் கஷ்டப்படுத்தினதுக்கு இன்னைக்கும் வருத்தப்படுறேன். ஆனா... அந்த வரன் போனதுக்கு வருத்தப்பட முடியலை. எத்தனையோ தடவை முயற்சி பண்ணிட்டேன். தப்புன்னா திட்டுங்க."

கையிலிருந்த தாளை மெல்ல மடித்தாள். என் நிஜக் கணக்கு தெரிந்தும் எதிரே நிற்கிற ஒரே ஆள்...

"சாயங்காலம் கடையைச் சீக்கிரம் மூடுறேன். தனியா நடக்க இனிமே எனக்கு மனசில்ல."

அவன் கண்கள் நிமிர்ந்தன. "எந்தப் பக்கமா சுத்துவீங்க?"

"நீங்க போற பக்கமே," என்றாள்.