வெறும் கண்ணாடித் தரை

இதை வரிசை மாறாமல் சொல்ல முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். அவளைக் கேட்டால் அவளும் தடுமாறுகிறாள். அந்த இடத்தை முதன்முதலில் பார்த்தது கையில் கட்டுப் போட்டு எட்டாம் நாளா பத்தாம் நாளா, அப்போது அது கட்டைவிரல் அகலம் இருந்ததா இல்லை அதைவிடச் சிறியதா, எதுவும் நிச்சயமில்லை. காலை நேரம் என்பது மட்டும் நிச்சயம். தொட்டியின் விளக்கைப் போட்டுவிட்டுக் குனிந்தவள், கண்ணாடித் தரையில் மெல்லிசாகப் படிந்திருந்த அழுக்குக்கு நடுவே ஓர் இடம் மட்டும் துடைத்துவிட்டாற்போல் பளிச்சென்று இருப்பதைக் கண்டாள்.

ஆறு மீன்கள் வாழ்கிற தொட்டியில் அழுக்கு இருப்பது இயல்பு. அழுக்கு இல்லாததுதான் உறுத்தியது.

தெருவில் அவளை எக்ஸ்ரேக்காரம்மா என்பார்கள். இருபத்தெட்டு வருடம் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தவள். ஓய்வு பெற்றபின் அந்த வீட்டில் தனியாக இருந்தாள். தனிமை அவளுக்குப் பாரமாக இருந்ததேயில்லை. நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, சாயங்காலம் யாருக்காவது பதில் சொல்லும்போது தன் குரலே வேறு யாருடையதோ போலக் கேட்கும். அதில் அவளுக்கு ஓர் இரகசிய சந்தோஷம் உண்டு. கூடத்தில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதில் தட்டுபோல வட்டமான ஆறு டிஸ்கஸ் மீன்கள். சத்தம் போடாத உயிர்கள் என்பதற்காகவே அவற்றை வாங்கியிருந்தாள்.

அந்தத் தொட்டித் தண்ணீரை வாளியில் தூக்கிப் போகும்போதுதான் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. அன்று சாயங்காலமே அக்காவும் அத்தானும் வந்துவிட்டார்கள்.

"குட்டி, உன் தனிக்குடித்தனம் போதும். பொட்டியக் கட்டு," என்றாள் அக்கா. ஐம்பத்தொன்பது வயதிலும் அவள் குட்டிதான்.

"நான் எங்கயும் வரல."

"ஒத்தக் கைய வெச்சுக்கிட்டு என்னடி பண்ணுவ? நீ குளிக்கவே ஆள் வேணும். இதுல மீனுக்கு வேற தண்ணி மாத்தணும்."

"மீனே தானாக் குளிச்சுக்குது. எனக்கு என்ன?"

அத்தான் சிரித்துவிட்டார். அக்கா முறைத்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார். கடைசியில் அவர்தான் பஞ்சாயத்து பண்ணினார்: "ஆறு வாரத்துல கட்டு பிரிப்பாங்க. அதுவரைக்கும் பார்ப்போம். வீடும் தொட்டியும் சுத்தமா இருந்துச்சுன்னா நாங்க வாயத் திறக்கல. நாத்தம் அடிச்சுதுன்னா மறுபேச்சு பேசாம நீ எங்களோட வந்துடணும். சரியா?"

"சரி," என்றாள். அக்கா வீட்டில் அவளுக்கென்று ஒழித்து வைத்திருந்த அறை அவளுக்குத் தெரியும். சமையலறையை ஒட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் விடிவதற்கு முன்பே டிவி ஆரம்பித்துவிடும். அங்கே கதவைச் சாத்தினால், என்ன கோபம் என்று இரண்டு பேரும் கேட்பார்கள்.

மறுநாள் தொட்டிக் கடைக்காரரைக் கூப்பிட்டாள். மீன்களை விற்றவர் அவர்தான்.

"கவலையே படாதீங்க மேடம். உங்க தொட்டியில மண்ணும் இல்ல, கல்லும் இல்ல. வெறும் கண்ணாடித் தரை. பாதி வேலை அங்கேயே முடிஞ்சுது. மீதிய மோட்டார் பார்த்துக்கும்."

ஒரு சின்ன மோட்டாரை இடது ஓரத்தில் தரையை ஒட்டிப் பதித்தார். அது தண்ணீரைத் தரையோடு தரையாகத் தள்ளும். கழிவும் மிஞ்சிய தீனியும் உருண்டுபோய் வலது மூலையில் சேரும். அந்த மூலையில் ஒரு குழாயை இறக்கி, ஜன்னல் வழியாகத் தோட்டத்துக்கு விட்டு, நடுவில் திறந்து மூட ஒரு திருகு வைத்தார். பக்கத்து டிரம்மிலிருந்து புதுத் தண்ணீர் விட இன்னொரு திருகு. எவ்வளவு விட வேண்டும் என்று கண்ணாடியில் ஒரு பட்டையை ஒட்டி அடையாளம் காட்டினார்.

"காலையில ரெண்டு நிமிஷம். இதைத் திறங்க, மூடுங்க. அதைத் திறங்க, மூடுங்க. இடது கைகூட வேணாம் மேடம், சுண்டுவிரல் போதும்."

ஒரு வாரம் அப்படித்தான் நடந்தது. வாளி இல்லை, துணி இல்லை, குனிந்து தேய்ப்பது இல்லை. மூலையில் சேர்ந்த பழுப்பு நிறக் குப்பை ஒரே இழுப்பில் குழாய்க்குள் போவதைப் பார்க்கும்போது, அக்காவை வாதத்தில் ஜெயித்த மாதிரி இருந்தது.

அதன் பிறகுதான் அந்தப் பளிச்சென்ற இடம்.

தரையின் நடுவில் இருந்தது. இரண்டு நாளில் உள்ளங்கை அளவாயிற்று. நீரோட்டத்தில் உருண்டுவரும் துகள்கள் அதன் ஓரத்துக்கு வந்ததும் நின்றன, தயங்கின, பிறகு அதன் விளிம்பைச் சுற்றிக்கொண்டு போயின. வாசலில் யாரோ படுத்திருந்தால் ஆட்கள் ஒதுங்கிப் போவதைப் போல. மேலிருந்து போட்ட தீனி உருண்டை ஒன்று அந்த இடத்துக்கு நேராக இறங்கியது. தரையைத் தொட ஓர் அங்குலம் இருக்கும்போது நின்றது. வெறும் தண்ணீரில், ஒன்றுமே இல்லாததன்மேல், சற்று நேரம் இருந்தது. பிறகு சரிந்து உருண்டு பக்கத்தில் விழுந்தது. ஆறு மீன்களும் தொட்டியின் மேல்மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. எதுவும் கீழே வந்து அதைத் தின்னவில்லை.

கடைக்காரருக்குப் போன் செய்தாள்.

"நீரோட்டம் ஒரு எடத்துல சுழலும் மேடம். மோட்டார இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் மாத்திப் பாருங்க."

மாற்றினாள். குழாயையும் எதிர்மூலைக்கு மாற்றினாள்; குப்பை இப்போது எதிர்த்திசையில் உருண்டது. அந்த இடம் இருந்த இடத்திலேயே இருந்தது. முன்பு இடப்பக்கம் மட்டும் தெரிந்த விளிம்பு இப்போது வலப்பக்கமும் பதிந்து, கோடு முழுமையாயிற்று. வேலை சுலபமாக ஆக ஆக அது தெளிவாகிக்கொண்டே வந்தது.

அக்காவிடம் சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். தனியாக இருந்து இருந்து மண்டை குழம்பிப்போச்சு என்று அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவாள். அவள் சொல்லவில்லை. தினமும் போன் மணி அடிக்கும்போது குரலைச் சரிசெய்துகொண்டு எடுத்தாள்.

"எப்படி இருக்க? உன் மீன் புள்ளைங்க எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. தொட்டி கண்ணாடியாட்டம் இருக்கு."

"தொட்டியே கண்ணாடிதானேடி."

"அதைத்தான் சொல்றேன்."

நான்காவது வாரம் அது தொட்டியின் பாதி நீளத்தைப் பிடித்திருந்தது. தண்ணீர் பட்டைக்கு மேலே நான்கு விரற்கடை ஏறி நின்றது. தான்தான் கூடுதலாகத் திறந்துவிட்டோம் என்று முதலில் நினைத்தாள், மறுநாள் திருகைத் தொடவேயில்லை, அப்போதும் ஏறியிருந்தது. நிழலும் வெளிச்சமுமாக மனித உடம்புகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அவளுடையது. மற்றவர்களுக்கு மேகம்போல் தெரிவதில் அவள் விலா எலும்பை எண்ணிவிடுவாள். அந்தக் கண்ணை இப்போது ஏமாற்ற முடியவில்லை. ஒருக்களித்த கிடை. வளைந்த முதுகு. வயிற்றோடு மடக்கிய முழங்கால்கள். மார்புக்கு உள்ளே இழுத்த தலை.

இடது கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தாள். எதுவும் தட்டுப்படவில்லை. ஆனால் அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் வேறு சூடாக இருந்தது. காய்ச்சல்காரர்களைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது உள்ளங்கைக்குத் தெரிந்த அதே சூடு. உடம்புச் சூடு.

கையை எடுத்தாள். துடைத்துக்கொள்ளவில்லை. முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டத் தொட்டியின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பயம் இருந்தது. பயத்துக்கு மேலே கோபம் இருந்தது. இந்த வீட்டை விட்டு என்னைக் கிளப்ப அங்கே இரண்டு பேர் காத்திருக்கிறார்கள், நீ மூன்றாவதா என்கிற கோபம்.

"இது என் தொட்டி," என்றாள் உரக்க. "என் வீடு. ஒன்னப் பார்த்து நான் ஓட மாட்டேன். கேக்குதா?"

மோட்டாரின் சன்னமான ரீங்காரம். குழாயில் ஒரு குமிழி ஏறி உடைந்த சத்தம். ஈரக் கண்ணாடியின் பாசி வாடை. வெளியே வெயில் சாய்ந்து, ஜன்னல் கம்பிகளின் நிழல் தொட்டிமேல் விழுந்து, அந்த வெற்றிடத்தின் மேலே விலாவிலாவாகக் கிடந்தது.

அப்போது அவள் செய்ததுதான் தவறு. வேறு எவரும் செய்திருக்க மாட்டார்கள். நல்லபடியாகப் பார்த்துவிட வேண்டும் என்று முன்னால் சாய்ந்தாள். இருபத்தெட்டு வருடத்தில் லட்சம் தடவையாவது சொல்லியிருப்பாள். வாய் தானாகச் சொன்னது.

"அசையாதீங்க. மூச்சப் பிடிங்க."

துகள்கள் நின்றன. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. துகள்கள் மட்டும் நின்றன.

வாய் மறுபடியும் பழக்கத்தில் போனது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"மூச்சு விடுங்க."

விளிம்பு விரிந்தது.

மெதுவாக. விலாப் பக்கம். ஒரு விரற்கடை. பிறகு அடங்கியது. மறுபடி விரிந்தது. அடங்கியது. அவள் சொல்லாமலே. விரிந்தது.

மறுநாள் காலையில் தரை சுத்தமாக இருந்தது. குப்பை முழுவதும் ஒரே மூலையில், கடைக்காரர் சொன்ன மாதிரியே. மீன்கள் கீழே இறங்கித் தரையைக் கொத்திக்கொண்டிருந்தன. தண்ணீர் பட்டைக்குச் சரியாக வந்திருந்தது. தொட்டியைச் சுற்றித் தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் அவள் நினைத்தாள். பயந்து ஓடாதவளைக் கண்டு அது ஓடிவிட்டது என்று நினைத்தாள். அடுத்த இரண்டு வாரமும் நன்றாகத் தூங்கினாள்.

கட்டுப் பிரித்த அன்று அக்கா அவளை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள். பக்கத்து வீட்டில் பளிங்குக் கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலைச் சாத்தாமல் போயிருந்ததால் கூடம் முழுக்க வெள்ளைத் தூசி. மேலே மின்விசிறி வேறு சுற்றிக்கொண்டிருந்தது.

"ஃபேனை அணைக்காமப் போனா வீடு வெளங்கிடும்," என்று அக்கா முனகினாள். தொட்டியைப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள், மோந்து பார்த்தாள். "ம். ஒத்துக்கறேன். தொட்டி சுத்தமாத்தான் இருக்கு. ஒங்கத்தான்கிட்ட நீயே சொல்லிக்கோ, நான் தோத்தேன்னு."

"சொல்றேன். பெரிய எழுத்துல எழுதியே குடுக்கறேன்."

அக்கா சிரித்துக்கொண்டே துடைப்பத்தை எடுத்தாள். கையை இன்றைக்கே ஆட்டாதே என்று சொல்லிக்கொண்டு, வாசல் பக்கமிருந்து பெருக்கிக்கொண்டே வந்தாள். கூடத்தின் நடுவுக்கு வந்ததும் அக்கா நின்றாள்.

தூசி நகரவில்லை. துடைப்பம் நகர்ந்தது; காற்றில் போவதைப் போல எளிதாகப் போனது; தள்ளிய தூசி மட்டும் ஓர் இடத்தில் வந்து, எதிலோ முட்டி, கரைபோலக் குவிந்தது. அக்கா அந்தப் பக்கம் போய் எதிர்த்திசையில் பெருக்கினாள். அங்கேயும் குவிந்தது. இருவரும் பார்த்தார்கள். தொட்டியில் இடம் போதாமல் மடக்கி வைத்திருந்ததெல்லாம் இங்கே நீட்டப்பட்டிருந்தது. ஆறடி. கை. கால். தலை.

கரை விரிந்தது. அடங்கியது.

அக்கா துடைப்பத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். "குட்டி," என்றாள் மூச்சுக்குள். "செருப்பப் போடாத. அப்படியே வா. போயிடலாம்."

"நான் வரல."

"ஐயோ, இதைப் பாத்துமாடி?"

"ஒரு மாசத்துக்கு முன்னாடியே பாத்துட்டேன். தொட்டி சுத்தமா இருந்தா வாயத் திறக்க மாட்டோம்னு சொன்னீங்க. சொன்னா சொன்னதுதான்."

"தொட்டியப் பத்தியா பேசறேன் நான்?" அக்கா அழுதுகொண்டே கையைப் பிடித்து இழுத்தாள். அவள் கையை உருவிக்கொண்டாள். வாசல் கதவு வரைக்கும் கூடவே போய் அக்காவை வழியனுப்பினாள். கதவை உள்ளிருந்து சாத்தினாள்.

அக்கா அதன் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. தினமும் போன் செய்கிறாள்; மணி ஒரு தடவைக்கு மேல் அடித்தால் குரல் உடைந்துவிடுகிறது. அத்தானிடம் அவள் என்ன சொன்னாளோ, அவர் எதுவும் கேட்பதில்லை. ஆறு மீன்களையும் கடைக்காரர் எடுத்துப் போய்விட்டார்; அவை நன்றாகத் தின்று, நன்றாக இருக்கின்றன. பக்கத்து வீட்டில் இன்னும் கல் அறுக்கிறார்கள்.

எக்ஸ்ரேக்காரம்மா அங்கேதான் இருக்கிறாள். ஜன்னலைச் சாத்துவதில்லை. தினமும் பெருக்குகிறாள், சமைக்கிறாள், தன் கட்டிலில் தூங்குகிறாள். அந்தக் கட்டிலை ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. கூடத்தில் இப்போது எதுவும் படுத்திருப்பதில்லை. காலையில் எழுந்து பார்க்கும்போது படுக்கையறைத் தரை முழுக்க மெல்லிய வெள்ளைத் தூசி. அவள் தலைமாட்டுக்குப் பக்கத்தில் மட்டும், இரண்டு பாதங்களின் அளவுக்கு, தூசியே இல்லை. பத்து விரல்களும் கட்டிலைப் பார்த்திருக்கின்றன.