கதவில் கட்டிய கறுப்புத் துணி

வெர்னா கதவை இடிக்கவில்லை. அதுதான் ஆரினுக்கு முதலில் உறைத்தது.

முப்பது வருஷமாக எதிர்வீட்டுக்காரி. எப்போது வந்தாலும் வீடு தீப்பற்றிக்கொண்ட மாதிரிக் கதவை இடித்து, திறப்பதற்குள் பாதி வம்பைப் பேசி முடித்துவிடுவாள். இன்றைக்கு என்னவென்றால் பூனை மாதிரிப் படியேறி வந்தாள். துணி போட்டு மூடிய பாத்திரம் ஒன்றைக் கதவோரம் வைத்தாள். தலையைக் குனிந்து ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு படியில் கிடந்த மேப்பிள் சருகுகள் நொறுங்காதபடி பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கிப் போனாள். ஜன்னல் திரையின் இடுக்கு வழியே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஆரின் கதவைத் திறந்து பாத்திரத்தைத் தூக்கினான். சூடு ஆறவில்லை. உருளைக்கிழங்கும் பன்றித்தொடையும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்டது. பன்னிரண்டு பேர் சாப்பிடலாம்.

"யாரு கேட்டா இத?" என்று தெருவைப் பார்த்துக் கத்தினான்.

வெர்னா திரும்பவில்லை.

கதவில் தான் மாட்டியிருந்த வளையத்தை அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். அதன் கீழே கட்டியிருந்த கறுப்புத் துணி காற்றில்லாமலே லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஆத்திரம் மண்டைக்கு ஏறியது.

அந்த மலையூரில் அக்டோபர் பிறந்துவிட்டால் வீட்டுக்கு வீடு கதவில், கொடியை வளைத்துக் கதிரும் காயும் செருகிய அலங்கார வளையம் தொங்கும். கடையில் வாங்கியதைத் தொங்கவிட்டால் நாலு பேர் சிரிப்பார்கள். ஆரின் வீட்டு வளையம் வருஷா வருஷம் அவன் மனைவி ஹெஸ்டர் கட்டுவது. இந்த வருஷம் அவள் நெஞ்சுச்சளி முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்து, நாலு நாள் முன்புதான் வீட்டுக்கு வந்திருந்தாள். மாடி அறையில் படுக்கை. பனி விழுவதற்குள் எழுந்து நடப்பாள் என்றார் டாக்டர். டாக்டர்கள் சொன்ன எதையும் ஆரின் ஆயுசில் நம்பியதில்லை. இதை மட்டும் நம்பினான். நம்பாமல் அவனால் தூங்க முடியாது.

நேற்று வெர்னா வேலியோரம் வந்து, "இந்த வருஷம் உன் கதவு மொட்டையாக் கெடக்குமே ஆரின், பாவம். நாங்க பொம்பளைங்க சேந்து ஒண்ணு கட்டித் தரட்டுமா?" என்றாள். அந்தப் 'பாவம்' என்ற சொல்தான் அவனைக் கிளப்பிவிட்டது. கொட்டகைக்குப் பின்னால் போய்க் காட்டுத் திராட்சைக் கொடியை அறுத்தான். ராத்திரி முழுக்கத் தொட்டியில் ஊறப்போட்டு, காலையில் முழங்காலில் வைத்து வளைத்தான். கம்பி விரலைக் குத்தியது. சோளத்தோல், கோதுமைக் கதிர், காட்டுக்கொடியின் ஆரஞ்சுக் காய்க்கொத்து என்று கையில் கிடைத்ததையெல்லாம் செருகி, மாடிக்குக் கொண்டுபோய் ஹெஸ்டரிடம் காட்டினான்.

"இது வளையமா, கோழிக்கூடா?" என்று சிரித்தாள் ஹெஸ்டர். இருமல் வராமல் சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் கேட்ட சிரிப்பு அது.

"தொங்குனாப் போதும்."

"ரிப்பன் எங்க?"

ரிப்பன் பெட்டியை எலி பஞ்சாக்கியிருந்தது. அவன் தன் பழைய கோட்டின் உள்துணியை ஒரு முழம் கிழித்து எடுத்திருந்தான். அதைக் கண்டதும் அவள் சிரிப்பு நின்றது.

"கறுப்பு வேணாம் ஆரின். தெரியாத மாதிரி நிக்கிறியே."

தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். குழந்தை செத்தால் கதவு வளையத்தில் வெள்ளைத் துணி, வயசானவர் செத்தால் கறுப்பு. அது தொங்கும் வீட்டில் மணி அடிக்கக் கூடாது, கதவைத் தட்டக் கூடாது. பொம்பளைகள் சமையலறை வழியாகக் கேட்காமலே உள்ளே வந்து, கடிகாரத்தை நிறுத்தி, கண்ணாடியை மூடி, ஆகவேண்டியதைப் பார்ப்பார்கள்.

"எவளோ வேலையத்தவ கட்டிவிட்ட கதை. துணி துணிதான்."

"அவுத்துடு. நான் சொல்றேன்ல?"

"அந்த வெர்னா வாய் மூடணும்னா இது இன்னைக்கே தொங்கணும்" என்று சொல்லி, அவள் கூப்பிடக் கூப்பிட இறங்கிப்போய் ஆணி அடித்து மாட்டினான். அவ்வளவுதான் நடந்தது. அதற்குள் ஒரு பாத்திரம் வந்துவிட்டது.

கையில் பாத்திரத்தோடு அவன் நின்றுகொண்டிருக்கும்போதே படலைத் திறந்துகொண்டு ஆமோஸ் வந்தான். ஊரில் குழி வெட்டுகிறவன். தொப்பியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான். அவன் மேலிருந்து ஈரமண் வாசம் வந்தது.

"உங்கப்பா பக்கத்துலயா ஆரின், இல்ல வேலியோரமா? தரை இறுகறதுக்குள்ள வெட்டிடலாம்னு பாக்குறேன்."

"யாருக்குடா வெட்டப் போற? ஹெஸ்டர் மேல உயிரோட இருக்கா! காலையில ரெண்டு முட்டை தின்னா!"

ஆமோஸ் தலையை ஆட்டினான். "ஆமா. மொதல்ல எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க."

"எலி ரிப்பனத் தின்னுருச்சுடா மடையா! என் கோட்டுத் துணிடா அது!"

"நல்ல துணிதான்" என்றான் ஆமோஸ், ஆறுதலாக.

ஆரின் பாத்திரத்தைத் தெருவில் வீசினான். வளையத்தை ஆணியோடு பிடுங்கித் தரையில் அடித்து பூட்ஸ் காலால் மிதித்தான். ஆரஞ்சுக் காய்கள் படபடவென்று வெடித்தன. கறுப்புத் துணியை உருவி எடுத்து, முன்னறை அடுப்பின் கதவைத் திறந்து உள்ளே திணித்தான். முடி கருகுகிற நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. திரும்ப வாசலுக்கு ஓடிவந்து, "பாரு! இப்பப் பாரு! துணி எங்க இருக்கு?" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

ஆமோஸ் வெறுங்கதவைப் பார்த்தபடி, தொப்பியை நெஞ்சிலிருந்து எடுக்காமல் நின்றான். தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு ஆட்கள் இறங்கி வந்தார்கள். மூடிய பாத்திரங்கள். குனிந்த தலைகள். அத்தனை சருகு கிடந்த தெருவில் ஒரு சருகு நொறுங்குகிற சத்தம் இல்லை.

அவன் கதவைச் சாத்தித் தாழ் போட்டான். நாற்காலியை முட்டுக் கொடுத்தான். அப்போதுதான் கவனித்தான், வீட்டுக்குள்ளும் ஏதோ ஒரு சத்தம் குறைந்திருந்தது.

கடிகாரம்.

சுவர்க் கடிகாரத்தின் ஊசலை யாரோ பிடித்து நிறுத்தியிருந்தார்கள். மணி நாலு பத்து. அதன் பக்கத்துக் கண்ணாடிமேல் படுக்கை விரிப்பு. அவன் வீட்டு விரிப்பு. மடிப்புக் கலையாமல் தொங்கியது.

சமையலறைக் கதவு திறந்திருந்தது.

அடுப்பில் தண்ணீர் கொதித்த ஆவி. சோப்பு வாசம். மேலே, கூரைப் பலகையில், காலடிகள். ஒருத்தியின் காலடி அல்ல.

"ஹெஸ்டர்!"

படிகளில் தண்ணீர் சிந்தியிருந்தது. வெதுவெதுப்பாக. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினான். மூச்சு வாங்கியது. அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. உதைத்தான்.

நாலு பொம்பளைகள். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டியிருந்தார்கள். தலைமாட்டில் வெர்னா. கட்டிலில் ஹெஸ்டர், சாம்பல் நிற நல்ல உடுப்பில், ஈரத்தலை வாரி, கை இரண்டும் நெஞ்சின்மேல் சேர்த்து வைக்கப்பட்டு.

அவள் அவனைப் பார்த்தாள்.

"ஆரின், நீயாவது சொல்லேன். எவ்வளவு நேரமாச் சொல்றேன், இவங்க காதுலயே விழல."

"கைய எடுங்கடி! பேசுறா பாருங்க! கேக்கலையா உங்களுக்கு?"

வெர்னா நிமிர்ந்தாள். கண்ணெல்லாம் நிஜமான கண்ணீர். "கோவப்படாத ஆரின். அழுதுடு. அழுதா ஆறும்."

இரண்டு பேர் வந்து அவன் தோளைப் பிடித்தார்கள். மெதுவாகத்தான் பிடித்தார்கள். அவனால் அசைய முடியவில்லை. நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

"ஆரின், எனக்குக் குளிருது" என்றாள் ஹெஸ்டர்.

ஒருத்தி வெள்ளைத் துணிப் பட்டை ஒன்றை எடுத்தாள். ஹெஸ்டரின் தாடைக்குக் கீழே கொடுத்து, உச்சந்தலையில் இறுக்கி முடிந்தாள். பேச்சு நின்றது.

அவன் கத்தினான். திட்டினான். காறித் துப்பினான். "பாவம்" என்றது ஒரு குரல்.

வெர்னா குனிந்தாள். ஹெஸ்டரின் நெற்றியில் முத்தமிட்டாள். விரல்களால் அவள் இமைகளை இழுத்து மூடினாள்.

இமைகள் திறந்தன.

வெர்னா மூடினாள்.

திறந்தன.

வெர்னாவுக்கு அலுக்கவே இல்லை. மறுபடி மூடி, இந்த முறை கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டாள். அவள் விரல் இடுக்கில் ஹெஸ்டரின் நீலக்கண் ஒன்று இமைக்காமல் ஆரினைப் பார்த்துக்கொண்டே இருந்தது.