நிறுத்திய மருந்து

குளியலறை வடிகாலை அடைத்திருந்த முடி ஒரு முழத்துக்குக் குறையாது. நல்ல கறுப்பு. பெரியவர் அதைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, மனைவி வருவதற்குள் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அவர் தலை வழுக்கையாகி வெகுகாலம் ஆயிற்று. மனைவிக்குக் கழுத்தோடு வெட்டிய நரை. வீட்டில் வேறு யாரும் கிடையாது.

அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டு விஷயம் வாசலைத் தாண்டக் கூடாது என்று வாழ்ந்தவர்.

முதல் தடவை மருந்து ஏற்றிய அன்றே நர்ஸ் கேலி செய்திருந்தாள். “முடி கொட்டும்னு எல்லாருக்கும் சொல்லுவேன் ஐயா. உங்ககிட்ட கொட்ட என்ன இருக்கு?”

“மருந்து என்னம்மா பண்ணும்?”

“செல் ரெண்டா பிரியணும்னா உள்ள இருக்கற டிஎன்ஏ முறுக்கு அவிழணும். இது அந்த ரெண்டு இழையையும் சேர்த்துக் கட்டிடும். பிரிய முடியாம செல் செத்துப்போகும். புற்று ஓயாம பிரியற ஜாதி, அதான் அதிகமா மாட்டிக்கும். முடி வேரும் அப்படித்தான், பாவம், அதுவும் சேர்ந்து அடிபடும்.”

இதே விளக்கத்தை அவர் முன்பும் கேட்டிருக்கிறார், தங்கையின் கட்டிலருகே நின்று. அவளுக்கும் கழுத்தில் இதே கட்டி. இதே மருந்து. குணமாகிற வகைதான் என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார். ஆனால் சீப்போடு முடி வரத் தொடங்கியபோது, பெரியவரின் மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பரம்பரை நோய் என்று நாலு பேர் பேசினால் அந்தச் சம்பந்தம் என்னாவது?

“அண்ணா, முடி போனா முளைக்கும். நான் போனா முளைப்பேனா?”

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்துச் சொன்னார். “போதும் டாக்டர். நாங்க வீட்டுல வச்சுப் பார்த்துக்கறோம்.” மனைவி பக்கத்தில் தலைகுனிந்து நின்றாள்.

கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. தங்கை முழுக் கூந்தலோடு போய்ச் சேர்ந்தாள். மாரடைப்பு என்றார். ஊர் நம்பியது.

இன்று மத்தியானமே இருட்டிக்கொண்டு மழை பிடித்திருந்தது. மருந்தேற்றும் கூடத்தில் சாய்வு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. பினாயில் நெடிக்கும் ஈரக்குடை வாடைக்கும் அடியிலிருந்து, தங்கை தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் மணம் மெல்ல எழுந்து, நாற்காலியைச் சுற்றி வந்து, அவர் பிடரியில் தங்கியது. ஊசி ஏற்கெனவே நரம்பில் இருந்தது. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். “கட்டி பாதியா கரைஞ்சிருக்கு. நடுவுல நிறுத்தாம முடிச்சா பிழைச்சுக்குவீங்க.”

பிழைக்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். அதை அவர் சொல்ல வாயெடுத்தார்.

நாக்கு அசையவில்லை.

பிறகு அசைந்தது. தானாக.

“போதும் டாக்டர்.”

அவர் குரல்தான். அவர் சொல்லவில்லை.

“நாங்க வீட்டுல வச்சுப் பார்த்துக்கறோம்.”

டாக்டரின் சிரிப்பு போயிற்று. “யோசிச்சுத்தான் சொல்றீங்களா? நிறுத்தினா திரும்ப வளரும்.”

இல்லை. இல்லை. ஏற்றுங்கள். உள்ளே கத்தினார். தலை பணிவாக ஆடியது. ஆமாம் என்று.

“என்னங்க இது?” மனைவி அழுதாள். “பைத்தியமா உங்களுக்கு? டாக்டர், நீங்க போடுங்க.”

“அவர் வேணாம்னா நான் ஏத்த முடியாதும்மா.”

நர்ஸ் ஊசியை உருவினாள். பஞ்சை வைத்தாள். அவர் விரல் நீண்டு அதை அழுத்திக்கொண்டது. எவ்வளவு நிதானம். அவர் அழுத்தவில்லை.

கால்கள் எழுந்தன. செருப்பைத் தேடி மாட்டின. மூட்டு வலியே இல்லாமல், இளையவள் நடையாக, கதவை நோக்கி நடந்தன. கண்களை மட்டும் அவருக்கு விட்டுவைத்திருந்தது, பார்க்க.

மனைவி ஓடிவந்து குறுக்கே நின்றாள். “உங்களுக்கு என்ன ஆச்சு? என்னைப் பாருங்க.”

அவர் கை அவள் கையைப் பிடித்தது. முகம் அன்போடு குனிந்தது. வாய் திறந்தது.

“வாங்க அண்ணி,” என்றது. “வீட்டுக்குப் போலாம்.”

அவள் கையை இழுத்தாள். விரல்கள் இறுகின.