கேமரா வருது

பீரோவிலிருந்து எடுத்தபோது ஹார்ட் டிஸ்க் ஈரமாக இருந்தது.

இத்ரீஸ் அதைச் சட்டையில் துடைத்தான். மாமல்லபுரத்துக் கடல் காற்றுக்குப் பூட்டும் தப்பாது, கேமரா லென்ஸும் தப்பாது, எல்லாம் பிசுபிசுக்கும். இதுவும் அதுதான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். துடைத்த இடத்தில் சட்டையில் மணல் ஒட்டியிருந்தது. அதற்கு அவனிடம் சமாதானம் இல்லை.

ஜும்ஆ முடிந்து வந்த வெள்ளிக்கிழமை மத்தியானம். தெருவில் வெயில் காய்ந்தது. எடிட்டிங் அறையில் மட்டும், நிறம் சரியாகத் தெரியவேண்டும் என்று ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டு, எந்நேரமும் இருட்டாகவே வைத்திருந்தான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், வாடிக்கையாளர் நாற்காலியில் ஜெய்புன்னிசா உட்கார்ந்திருந்தாள்.

"கெடைச்சிச்சா தம்பி?"

"கெடைச்சிச்சு பெரிம்மா. ஆனா இது விண்டோஸ் டிஸ்க்கு. நாம இப்ப மேக் கம்ப்யூட்டருக்கு மாறிட்டோமா, கொஞ்சம் பேஜாரு. குந்துங்க, பாத்து சொல்றேன்."

"பொறுமையா பாரு. எம் பொண்ணு மேல பழி கீது. எல்லாம் அந்த டிஸ்க்குல கீதும்மான்னு சொல்லிட்டுதான் போனா."

அவள் மகள் ஹாதியா. இத்ரீஸின் ஸ்டுடியோவில் பெண்கள் பக்கம் படம் எடுத்தவள். கோவளத்திலிருந்து மதுராந்தகம் வரைக்கும் நிக்காஹ் வீடுகளில் அவளைத்தான் கேட்பார்கள். பெண்களோடு பெண்ணாகத் தரையில் உட்கார்ந்துதான் எடுப்பாள். கேமராவைத் தூக்குமுன் குரல் கொடுப்பாள்: "கேமரா வருது, முக்காடு போட்டுக்கறவங்க போட்டுக்குங்க." அதன்பிறகு எடுத்ததை அவள்தான் வெட்டுவாள், அவள்தான் ஒட்டுவாள். ஆண்கள் கண்ணில் படாமல் அந்த வீட்டாரிடமே கொடுத்துவிடுவாள். அந்த நம்பிக்கையில்தான் பெண்கள் அவள் முன்னால் தலை திறந்து சிரித்தார்கள், ஆடினார்கள்.

கருங்குழியில் ஒரு கல்யாண வீட்டு மருதாணி இரவில் மணப்பெண்ணின் தங்கைகள் ஆடியது, ஒருநாள் ஸ்டுடியோவின் விளம்பர வீடியோவில் வந்துவிட்டது. ஊரே பார்த்தது. நிக்காஹ் நின்றது. "எடுத்தவ அவதானே" என்று இத்ரீஸ் கையை விரித்துவிட்டான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கல்யாண வீடுகள் ஹாதியாவுக்குக் கதவைச் சாத்தின. மழைக்கால விடியல் ஒன்றில் கோவளத்துப் பாறைகளுக்கு நடுவே அவள் உடலை எடுத்தார்கள். வழுக்கினாளா, இறங்கினாளா, யாருக்கும் தெரியாது.

அந்த வீடியோவைத் திருடியது இத்ரீஸ். கேமராவை அணைக்காமல் மேசையில் வைத்துவிட்டு அவள் தொழப் போயிருந்த நேரம், அவளுடைய லேப்டாப்பிலிருந்து அவன் எடுத்ததெல்லாம் அந்தக் கேமராவில் பதிவாகியிருந்தது. அந்தப் பதிவு, அவள் கேட்டும் கொடுக்காமல் அவன் பீரோவில் பூட்டிவைத்த இந்த டிஸ்க்கில் இருந்தது.

கடலில் வீசலாம்; வீசினால் "எங்கே" என்று கேட்பார்கள். மேக்குக்கு மாற்றும்போது அழிந்துவிட்டது என்றால் யார் என்ன சொல்ல முடியும்? விண்டோஸ் டிஸ்க்கில் இருப்பதை மேக் படிக்கும், அதில் எழுதாது. எழுத வேண்டுமென்றால் அழித்து, புதிதாக ஃபார்மட் செய்ய வேண்டும். தொழில் தெரிந்த எவனும் செய்வதுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவனுக்கு இவ்வளவு வாகான சோறு கிடைத்திருந்தது.

கேபிளைச் சொருகினான். திரையில் பெயர் வந்தது: ஹாதியா. அழிக்கவா என்று கேட்டது. அழி என்றான். கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது. வெற்று டிஸ்க். பெயர்: ஸ்டுடியோ.

பெருமூச்சு விட்டான். அப்போதுதான் சத்தம் காதில் விழுந்தது. டிஸ்க் சுற்றுவதை நிறுத்தவில்லை. சுழற்சியின் 'ர்ர்ர்' அல்ல அது. மணலை இழுத்துக்கொண்டு பின்வாங்கும் அலையின் சத்தம், சின்னதாக, அந்தப் பெட்டிக்குள். அறையில் பாசி வாடையடித்தது, அதற்கடியில் மருதாணி வாடையும்.

திரையில் பெயர் மறுபடி ஹாதியா என்றிருந்தது. உள்ளே ஒரே ஒரு வீடியோ.

அழித்தான். வந்தது. மறுபடி அழித்தான். மறுபடி வந்தது.

"இன்னா தம்பி, ஆச்சா?"

"எ... எதுவும் இல்ல பெரிம்மா. அழிஞ்சி போயிருக்கு."

அவன் வாய் அதைச் சொல்லி முடிக்குமுன் வீடியோ தானே ஓடத் தொடங்கியது. இருட்டு அறை. மேசை வெளிச்சம். அதன் முன் ஒருவன் முதுகு. தரையில் உட்கார்ந்தபடி எடுத்த படம். முதுகுக்காரன் கையில் கேபிள் இருந்தது.

இத்ரீஸ் கையிலும் கேபிள் இருந்தது.

பிடுங்கினான். படம் ஓடியது.

திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. தரையில் ஈரம். உட்கார்ந்து எழுந்த அளவுக்கு ஈரம்.

மறுபடி திரை. படம் உயர்ந்தது. எழுந்து நிற்கிறாள். அவன் பிடரி. நெருக்கத்தில். இன்னும் நெருக்கத்தில்.

காதோரம் சில்லென்று ஒரு மூச்சு.

"கேமரா வருது."

கதவைப் பார்த்தான். கண்ணாடிக்கு அப்பால் ஜெய்புன்னிசா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது. பெற்றவளுக்குத் தெரியாத குரலா? அவள் பயப்படவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகள் அப்படிக் குரல் கொடுத்தால் எப்போதும் செய்வதுபோல, முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பெரிம்மா!"

சத்தம் வரவில்லை. வாய் நிறைய உப்புத்தண்ணீர்.

இத்ரீஸ் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். விரல் இடுக்கில் திரை தெரிந்தது. படம் இப்போது அவன் முன்பக்கத்தைக் காட்டியது; திரையிலும் அவன் முகத்தை மூடியபடி இருந்தான். பின்னாலிருந்து மருதாணி வெளுத்த, ஊறிப்போன விரல்கள் வந்தன. அவசரமில்லாமல், படம் சரியாக விழவேண்டும் என்பதுபோல, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி மடக்கி ஒடித்து, முகத்தைத் திறந்தன.