ஜமுக்காளத்துக்கு அடியில்

குமாரபாளையத்தில் காளியண்ணன் வீட்டுப் பூஜையறை வாசலில், நிலைப்படியில் பின்மண்டை அடிபட்டு, அவர் மனைவி சென்னம்மாள் விழுந்து கிடந்தபோது காலை ஏழு மணி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பதினோரு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் தேவிப்ரியா வந்து சேர்வதற்குள், பழி போட ஆளையும் பார்த்து வைத்திருந்தார்கள்.

ஆள், மருமகள் யாழினி. காலையில் நனைந்த சுடிதாரை மாற்றாமல் சமையலறை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வீடு துடைக்கும் மாப் அவள் பக்கத்திலேயே கிடந்தது, கூட்டாளி மாதிரி.

"இவதான் தள்ளி உட்டுட்டாங்க மேடம்," என்றார் தங்கசாமி. இறந்தவளின் தம்பி. "நேத்து அக்காளுக்கும் இவளுக்கும் சண்டை. புருசங்கூடப் பெங்களூருக்குப் போயே தீருவேன்னு நின்னா. தெருவே கேட்டுச்சு."

"வழுக்கி விழுந்திருக்கலாமே?"

"எங்கீங்க வழுக்கறது?" பூஜையறை வாசலில் கிடந்த ஜமுக்காளத்தின் ஒரு ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். அடியில் கறுப்பு ரப்பர் வலை. "அக்கா பையன் அறிவு, இவ புருசன், வழுக்கக் கூடாதுன்னே வாங்கி அனுப்புனது. எருமை நடந்தாலும் நகராதுங்க."

காளியண்ணன் நாற்காலியில் அமர்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் ஈரமே இல்லை. அது தேவிப்ரியாவுக்கு உறுத்தவில்லை. அழ வராதவர்களை இந்த வேலையில் அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். யாழினி பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"சண்டை நெசமா?"

"நெசந்தாங்க."

"காலைல?"

"பேசிக்கவே இல்லீங்க. ஊடு தொடைச்சேன். ஜமுக்காளத்து ஓரம் வரைக்கும் நல்லாத் தண்ணி உட்டுத் தொடைச்சுப்போட்டு, அழுக்குத் தண்ணி ஊத்தக் கொல்லைக்குப் போனேன். சத்தங் கேட்டு ஓடியாந்தா அத்தை கெடந்தாங்க. மாமாவத் தறிப்பட்டறையில இருந்து கூட்டியாந்து உட்டுட்டு, கார் கேக்கத் தெருவுக்கு ஓடுனேன்."

"அப்ப அத்தைக்கு உசுரு இருந்துச்சா?"

"கண்ணு தொறந்துதாங்க இருந்துச்சு."

"இந்த வலை எப்ப இருந்து கெடக்குது?"

"தெரியாதுங்க. நான் ராசிபுரத்துல அம்மா ஊட்ல இருந்துட்டு முந்தாநேத்துதான் வந்தேன். மொதல்ல அவரு ரெண்டு பக்கமும் ஒட்டற டேப்பு அனுப்புனாரு. தரையெல்லாம் பிசினாயிருச்சுன்னு மாமா சத்தம் போட்டாங்க. அப்பறம் மூலைக்கு ஒட்டற சிலிகான் துண்டு. தறிப் பஞ்சு ஒட்டி ஒரே வாரத்துல உட்டுப்போச்சு. கடைசியாத்தான் இந்த வலை."

தேவிப்ரியா எழுந்துபோய் வலையைப் பார்த்தாள். மடித்து வைத்த மடிப்பு இன்னும் மேடாக நின்றது. பட்டறைப் பஞ்சு சாமி படத்துக் கண்ணாடியில்கூடப் படிந்திருந்த அந்த வீட்டில், வலையின் ஓட்டைகள் மட்டும் சுத்தமாக இருந்தன.

பிறகு ஜமுக்காளத்தையே புரட்டினாள். அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. அடிப்பக்கம் வெள்ளையாக ஏதோ இறுகி, அதில் டைல்ஸ் இணைப்பின் கோடு ஒன்று நேராகப் பதிந்திருந்தது. பாட்டில் தண்ணீரில் விரலை நனைத்துத் தேய்த்தாள். வழவழத்தது. முகர்ந்து பார்த்தாள். அவள் பிறந்து வளர்ந்தது சேலம் அம்மாபேட்டையில், நெசவாளர் தெருவில். அந்தப் புளித்த வாசனையை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெரியவரைத் தனியே அழைத்துக் கேட்கலாம் என்று நினைத்தாள். ஆனால் பழி எல்லார் முன்னாலும் போடப்பட்டது. எல்லார் முன்னாலும்தான் அதை எடுக்க வேண்டும்.

"ஐயா, தறியில பாவு நூல் விறைச்சு நிக்க என்ன கஞ்சி போடுவீங்க?"

காளியண்ணன் திரும்பவில்லை. "மரவள்ளி மாவுக் கஞ்சிங்க."

"இந்த ஜமுக்காளத்துக்கும் அதேதானுங்களா?"

தங்கசாமி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரும் தள்ளலைங்க," என்றாள் தேவிப்ரியா அவரிடம். "இதுக்கு அடியில கஞ்சி தடவியிருக்கு. காய்ஞ்ச கஞ்சி தரையைப் பிடிக்கும். ஈரம் பட்டா எண்ணெய் மாதிரி வழுக்கும். இது தெரியாம இந்தப் பொண்ணு ஓரம் வரைக்கும் தண்ணி விட்டுத் துடைச்சிருக்கு. வலை மொதல்லயே இருந்திருந்தா கஞ்சியில வலையோட கட்டம் பதிஞ்சிருக்கும். பதிஞ்சிருக்கறது டைல்ஸ் கோடு. அப்போ வலையை விரிச்சது அவங்க விழுந்ததுக்கு அப்புறம். யாழினி தெருவுக்கு ஓடுன நேரத்துல இங்க இருந்தது நீங்க ஒருத்தர்தானே, ஐயா?"

காளியண்ணன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"காலம் பூராக் கஞ்சி போட்டுப் பாவு நூலை நிறுத்துனவன் நானு. ஒரு துண்டு ஜமுக்காளத்தை நிறுத்தப் பையன் ரப்பர் வாங்கி உடறானேன்னு ரோசம் வந்துருச்சு. வலைய மடிச்சுப் பொட்டியில போட்டுட்டு, கஞ்சியத் தடவி விரிச்சேன். நல்லாத்தான் புடிச்சு நின்னுச்சு. அவளுக்கு அது தெரியும், அதுகிட்ட ஈரத்துணியே கொண்டுபோவ மாட்டா. இந்தப் புள்ளகிட்டயும் சொல்லோணும்னு எனக்குத் தோணல."

"வலையை ஏன் விரிச்சீங்க?"

"அறிவு வந்து தூக்கிப் பாப்பான். அம்மாள நாந்தான் கொன்னேன்னு ஆயிருமே. பழி மருமவ மேல திரும்பும்னு நெனைக்கலீங்க. திரும்புனதுக்கப்பறம் வாய் வரல."

தங்கசாமி மெல்லத் தரையில் உட்கார்ந்தார். யாழினியின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை. வலையை விரித்து மறைத்ததற்கும் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. அதை எழுத தேவிப்ரியாவுக்கு மனசு வரவில்லை. பாவமாக இருந்தது, எல்லாரையும் பார்க்க.

யாழினிதான் முதலில் வாய் திறந்தாள். "மாமா, அத்தை ஏதாச்சும் சொன்னாங்களா?"

"தண்ணி கேட்டா, கண்ணு." அப்போதுதான் அவருக்குக் குரல் உடைந்தது. "இரு, வாரேன்னு சொன்னேன். வலைய விரிச்சு முடிக்கற வரைக்கும் என்னையவே பாத்துக்கிட்டுக் கெடந்தா. சொம்பு கொண்டாந்தப்ப வாய் தொறக்கல."

வீட்டு வாசலில் பெங்களூர்க் கார் வந்து நின்றது. அறிவு "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இறங்கினான். காளியண்ணன் எழுந்திருக்கப் பார்த்து, மறுபடி நாற்காலியிலேயே சரிந்தார். யாழினி ஒரு கணம் தயங்கினாள். பிறகு அருகில் போய் அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.