அவள் தேடிய முகம்

சந்திரகலா தொலைக்காட்சியில் நண்டு சம்பால் செய்முறை தேடினாள். ஒருவன் இன்னொருவனின் வாயில் ஹெல்மெட்டால் அடிக்கும் காணொளி வந்தது.

"என்னங்க, இது ஏன் வருது?"

"நான் போடல லா. நீ பாக்குறதுதான் வரும்," அறைக்குள்ளிருந்து ஜெயராஜ் சொன்னான்.

அவன் கைப்பேசிக்கும் இந்தத் தொலைக்காட்சிக்கும் ஒரே காணொளிக் கணக்கு. அவர்கள் ஊரான மேருவில் இடைத்தேர்தல் அறிவித்த வாரம் மேடைப் பேச்சுகள் வந்தன. எந்தக் கட்சியிலும் இல்லாத ஜெயராஜ் ஒரு பேச்சை முழுக்கக் கேட்டான். மறுநாளிலிருந்து அந்தக் கட்சி மட்டுமே வந்தது. பிறகு மற்றக் கட்சிக்காரர்கள் அடிபடும் காணொளிகள். அவள் தம்பி லோகன் அந்த மற்றக் கட்சிக்குக் கொடி கட்டுகிறவன்.

அடிபடுவது லோகனோ என்று அவள் ஒவ்வொன்றையும் நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, உடைந்த மூக்கு, கிழிந்த உதடு என்று முகம் முகமாகத் தேடினாள். பத்து நாள். அவள் பயந்து பார்த்தாள். இந்த வீட்டுக்குப் பிடித்தது இதுதான் என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொண்டது.

லோகன் அழைத்தான்.

"அக்கா, கிள்ளான் தாண்டிட்டேன். சோறு ரெடியா?"

"கட்சிச் சட்டய மாத்திட்டு வாடா. உன் மச்சான் சூடா இருக்காரு."

"அவரு என்னிக்கு ஆறி இருந்தாரு? வரேன், வரேன்."

நடுப்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் கிடத்தியிருந்தது; அடுப்பில் வதங்கும் பிளாச்சான் இறால் விழுதின் நெடி தொண்டையைப் பிடிக்க, மின்விசிறியின் கிறீச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம், ஈரமாக, தேங்காய் பிளப்பதைப் போல, அறைக்குள்ளிருந்து வந்தது. ஒரு நொடி கழித்து அதே சத்தம் தொலைக்காட்சியிலிருந்தும் வந்தது.

அவனும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நொடி முன்னால்.

திரையில் வெள்ளை டைல்ஸ் தரை. ஒருவன் குப்புறக் கிடந்தான். இன்னொருவன் பாராங் கத்தியை ஓங்கினான். பழக்கத்தில் அவள் பின்னுக்கு இழுத்தாள். விழுவதற்கு முன் வெட்டுப்பட்டவன் திரும்பினான்.

லோகன்.

அவனுக்குப் பின்னால் பச்சைத் திரைச்சீலை. இந்தக் கூடத்துக்கு அவள் தைத்தது.

வெளியே மோட்டார் சைக்கிள் நின்றது. அறையில் சத்தம் நின்றது. கட்டிலுக்கு அடியிலிருந்து எதையோ இழுக்கும் ஒலி. இரும்பு. தரையில்.

"லோகா, உள்ள வராத!"

"என்னக்கா, சோறு இல்லயா?" சிரித்தபடி உள்ளே வந்தான். மஞ்சள் கட்சிச் சட்டை. மாற்றவில்லை.

ஜெயராஜ் வெளியே வந்தான். இடது கையில் கைப்பேசி. வலது கையில் பாராங்.

"மச்சான், என்ன இது..."

முதல் வெட்டு தோளில். இரண்டாவது கழுத்தில். லோகன் திரும்பி அவளைப் பார்த்தான். குப்புற விழுந்தான்.

அவள் மண்டியிட்டுக் கழுத்தை அழுத்தினாள். சூடு. விரல்களுக்கு இடையில் பொங்கியது. நிற்கவில்லை. அவள் உள்ளங்கைக்கு அடியில் துடிப்பு மெலிந்தது.

"என்னங்க. போதும். என்னங்க."

ஜெயராஜ் அவளைப் பார்க்கவில்லை. லோகனையும் பார்க்கவில்லை. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்தது என்ன என்று காத்திருப்பவனைப் போல.

தொலைக்காட்சியில் அதே தரை. இப்போது கிடப்பவன்மேல் ஒரு பெண் குனிந்திருந்தாள்.

திரையில் இருந்தவன் கத்தியை ஓங்கினான். ஒரு நொடிக்கு முன்பே ஜெயராஜின் கை மேலே இருந்தது.